எண்பது வாட்

எருமப்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் மரவள்ளிக் காடு சென்னியம்மாளுடையது. அவளுடைய கணவர் கந்தவேல் இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், மோட்டார் ரூமில் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டார். மின்சாரம் தாக்கி அங்கேயே இறந்துபோனார்.

மோட்டாரில்தான் கோளாறு என்று உறவுக்காரர்கள் புதிது வாங்கி மாட்டினார்கள். அதன் பிறகும் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டால் கை விறுவிறுத்தது. களையெடுக்க வரும் பூவாத்தாள் ஒருமுறை தொட்டுவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லி வேலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

சென்னியம்மாளுக்குப் பயம் வரவில்லை. தினமும் மோட்டார் போடப் போகும்போது தேய்ந்த ரப்பர் செருப்போடு நின்று, விரல்களைப் பெட்டியின் மேல் வைப்பாள். எறும்பு ஊர்வது போல ஒரு துடிப்பு முழங்கை வரை ஏறும். கந்தவேல் அதிகம் பேசாத மனிதர். சந்தைக் கூட்டத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், அவ்வளவுதான். இதுவும் அப்படித்தான் இருந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் கௌதமன் போன் பண்ணியதை, கிழங்கு பிடித்திருப்பதை எல்லாம் அங்கே நின்று சொல்வாள். மழை பெய்த மறுநாள் துடிப்பு குறைந்துவிடும். அவருக்கு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஐப்பசியில் மோட்டார் முக்கிக்கொண்டு நின்றுவிட்டது. நாமக்கல்லிலிருந்து எலக்ட்ரீசியன் பயாஸ் வந்தார். பெட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே மீட்டரை வைத்தவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, அவளையும் வெளியே நிற்கச் சொன்னார். பிறகு பெட்டியை மண்ணோடு இணைக்கும் எர்த் வயரில் ஓடும் மின்சாரத்தை அளந்தார்.

"பெட்டியில நாப்பது வோல்ட் நிக்குதுக்கா. எர்த் வயர்ல ரெண்டு ஆம்பியர் ஓடுது. பெருக்கினா எண்பது வாட். ஒரு ஃபேன் ஓடற கரண்ட் சும்மா மண்ணுக்குள்ள போவுது."

நாற்பதை இரண்டால் வகுத்தால் இருபது ஓம், அதுதான் அந்த வயர் இறங்கும் எர்த் குழியின் தடை என்றார். இந்த அளவு மின்சாரத்துக்கு ஃபியூஸ் போகாது. இப்போது மழையில் குழி நனைந்திருக்கிறது. காய்ந்துவிட்டால் தடை பத்து மடங்குகூட ஏறும், பெட்டியில் நூற்றைம்பது வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்றார். மெயினை அணைத்துவிட்டு, பெட்டிக்கு வரும் இரும்புக் குழாயிலிருந்து ஒரு பழைய வயரைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டினார். எலி கடித்த இடத்தில் புழுதி கெட்டியாகப் படிந்திருந்தது; அது வழியாகத்தான் கரண்ட் குழாய்க்கும் பெட்டிக்கும் கசிகிறது என்றார்.

சென்னியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்திரையில குழி காஞ்சிருக்குமுங்களா தம்பி?"

பயாஸ் ஆமாம் என்று தலையசைத்தார்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டே, வயரை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்றாள் அவள். பயாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முடியாது என்று சொல்லி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் புது வயர் போட்டு, எர்த் குழியையும் சரிசெய்து, மோட்டாரை ஓடவிட்டுக் கொடுத்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பூவாத்தாள் வந்தாள். இனிப் பயமில்லை, பேய் போய்விட்டது என்றாள்.

"பேயில்ல பூவாத்தா," என்றாள் சென்னியம்மாள். "அவரக் கொன்னது எதுவோ, அதுதான் இத்தன நாளும் என் கையப் புடிச்சிட்டு இருந்திருக்குது. நாந்தான் அவருன்னு நெனச்சுட்டேன்."

இப்போது மோட்டார் போடுவது பக்கத்துக் காட்டுக்காரர். சென்னியம்மாள் அந்த ரூமுக்குள் போவதில்லை. ஆனாலும் சில நாள், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, முழங்கை வரை அந்தத் துடிப்பு ஏறுகிறது. கையை உதறுவதா, அப்படியே வைத்திருப்பதா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.