சி மொழிக்குள் ஒரு வரப்பு

சி மொழியில் புரோகிராம் எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, நம் தொழிலில் மெஷின் சொன்ன பேச்சைத் தட்டாது, வம்பே அதுதான். மரக்காணம் உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை, அளவு வந்ததும் தானாக நிறுத்தும் பெட்டிகள் செய்கிறோம். வயரிங் கூனிமேடு ரஹமத் பாய், புரோகிராம் நான்.

பேர் போட்ட பெட்டி

மகேஸ்வரி அக்கா உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். பெட்டித் திரையில் தன் பேர் தமிழில் முழுசாக வரணும் என்றார். போட்டேன். பேரும் மின்னியது, அக்கா முகமும் மின்னியது.

மறுநாள் மோட்டார் நிற்கவே இல்லை. வாரத் தயாராக இருந்த உப்பு, ஒரு பாத்தி முழுக்க, தண்ணீருக்குள் மெதுவாகக் காணாமல் போனது. வானம் வேறு மூட்டம் போட்டிருந்தது. பக்கத்துப் பாத்தியும் போனால் அக்காவுக்கு இந்த சீசனே இல்லை. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை தண்ணி ஏறுச்சு, உன் பெட்டி ரோட்டுல கெடக்கும், சொல்லிட்டேன்."

கேட்காத ஃபங்ஷன்

வரப்போரம் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். கண்ணை மூடினாலும் வெள்ளை வெளேரென்று உப்பு. அந்த அரைத் தூக்கத்தில் மெமரியெல்லாம் பாத்தி பாத்தியாக மிதந்தது. நடுவில் ஒரு வரப்புகூட இல்லை.

சட்டென்று விழித்தேன். ஆங்கில எழுத்துக்கு மெமரியில் ஒரு கட்டம் போதும். தமிழுக்கு மூன்று, கொம்பு, கால் வைத்தால் இன்னும் மூன்று. சி மொழியோடு கூடவே வரும், எழுத்தை நகலெடுக்கும் காப்பி ஃபங்ஷனோ, இடம் இருக்கிறதா என்று கேட்பதே இல்லை. அக்கா பேர் வழிந்து, பக்கத்துக் கட்டத்தில் இருந்த, மோட்டார் நிற்க வேண்டிய தண்ணீர் அளவை அழித்துவிட்டது. ரஹமத் பாயிடம் சொன்னேன்.

"யா அல்லா! இத்தனை வருஷமா இதை ஒருத்தனும் கேக்கலியா?"

உலகத்துக்கு ஒரு யோசனை

நானே ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எவ்வளவு இடம் என்று முதலில் சொல்லணும். பத்தாவிட்டால் கை வைக்காது, வெளிப்படையாகச் சொல்லிவிடும். மொழியோடே இதைச் சேர்த்துவிட்டால் எத்தனை பேர் நிம்மதியாகத் தூங்குவார்கள்! அந்தக் கனவிலேயே, சி மொழி ஆட்கள் கூடும் இணையக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு பெரியவர் மரியாதையாகப் பதில் போட்டார்.

"நல்ல யோசனைதான். இருக்கிற ஃபங்ஷன்களே போதும், ஜாக்கிரதையாக எழுதினால்."

ஜாக்கிரதையாமே! பற்றிக்கொண்டு வந்தது.

மூட்டத்துக்குக் கீழே

பக்கத்துப் பாத்தி வாரும் நாளுக்கு முன்னால் புது புரோகிராமை ஏற்றினேன். அக்கா சும்மா இருப்பாரா? தன் பேரோடு வீட்டுக்காரர் பேர், மாமனார் பேர், குலசாமி பேர் வரை அடிக்கச் சொன்னார். அடித்தேன். "இடம் போதாது" என்றது திரை. தண்ணீர் அளவுக் கோட்டைத் தொட்டது. மோட்டார் நின்றது. அந்த அமைதியில் உப்பு பளபளவென்று அப்படியே கிடந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடியலன்னா முடியலன்னு சொல்லுது பாரு. இதைச் சொல்றதுக்கா என் ஒரு பாத்தி உப்பு போச்சு?"

சி மொழியை உலகம் எப்போது திருத்துமோ தெரியாது, மரக்காணத்தில் ஒரே ஒரு பெட்டிக்குள் மட்டும் அது திருந்திக் குடித்தனம் நடத்துகிறது.