கிணற்று முறையும் மூன்று மணி அழைப்பும்

2023 ஓகஸ்ட் 10, வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, தேநீர் குடித்து, அறையைக் கூட்டினேன். எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்தேன். வெளிநாட்டுப் பதிப்பகமொன்றின் பாடநூல்களில் பிழை பார்ப்பது என் வேலை. இணையம் கிடைக்கும் ஊர் எதுவானாலும் எனக்குச் சரி. கண்டியிலும் திருகோணமலையிலும் சில மாதங்கள் இருந்துவிட்டு, சுன்னாகத்துக்கு அருகில் இந்த அறையை எடுத்திருந்தேன். பார்க்க வந்த அன்று இங்கே இலை விழும் சத்தம்கூடக் கேட்டது.

குடிவந்த பிறகுதான் விளங்கியது. ஜன்னலோரக் கிணறு மூன்று தோட்டக்காரருக்குப் பொது. முறை வைத்து, காதடைக்கும் மிஷின் போட்டு இறைப்பார்கள். நான் அறை பார்த்த நாளில் எவருக்கும் முறை இல்லை.

அன்று மூன்று மணிக்கு மேலாளருடன் காணொளி அழைப்பு. என் ஒப்பந்தத்தை நீடிப்பதா இல்லையா என்பது அதில்தான் முடிவாகும். என் பின்னால் கேட்கும் சத்தங்களைப் பற்றி அவர் ஏற்கெனவே இரண்டு தடவை முறையிட்டிருந்தார். மதியம் கோப்பை கழுவும்போது பார்த்தால், பக்கத்துத் தோட்டக்காரர் இறைக்கும் மிஷினைக் கிணற்றடிக்கு உருட்டி வருகிறார்.

வேலிக்கு ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் கேட்டு முடித்தார்.

"வீட்டை இருந்து கதைக்கிறதுக்கும் சம்பளம் தருவினமோ?"

"கதைக்காட்டில் தரமாட்டினம், அண்ணை."

அவர் வெங்காயப் பாத்திகளைப் பார்த்தார். நாளை மதியம் வரை தன் முறைதான் என்றும், விடியவும் இறைக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் வாய்க்காலில் நின்று தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிடுவது அவருடைய மனைவி. மனைவியோ வெள்ளிக்கிழமை விடிய, முதல் பஸ்ஸில் தொண்டைமானாற்றுக் கோயிலுக்குப் போகிறாராம்.

"அப்ப விடிய நீரே வந்து பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறும், பிள்ளை."

"எனக்குத் தெரியாதே, அண்ணை."

"பிழை பாக்கிற ஆள்தானே. வரம்பு உடைஞ்சால் தெரியும்."

ஒத்துக்கொண்டேன். மூன்று மணிக்கு மிஷின் அணைந்தே கிடந்தது. அழைப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பேக்கரிப் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோவின் பாட்டு ஒழுங்கை முனையில் கேட்டது. பாட்டு பாதியில் நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். தோட்டக்காரர் சாரத்தை மடித்துக் கட்டியபடி ஓட்டோவை மறித்து நின்றார். மேலாளர், நல்ல அமைதியான இடம் போலிருக்கிறதே என்றார். ஓம் என்றேன். ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்கு நீண்டது.

மாலையில் வேலிக்கு மேலால் ஒரு பை பணிஸ் வந்தது. சும்மா மறித்தால் ஓட்டோக்காரன் ஏசுவான் என்று வாங்கினாராம். வீட்டில் யாரும் பணிஸ் தின்பதில்லையாம்.

வெள்ளிக்கிழமை எழுந்ததும், தேநீருக்கும் முன்னால், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் முதல் பாத்தியின் வாயை வெட்டித் திறந்தேன்.