இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் பச்சை

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் எதுவாக இருந்தாலும், நூலகத்தில் அவர் எல்லோருக்கும் பக்கம் அக்காதான். ரெஃபரன்ஸ் மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷி, யார் எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்ல மாட்டார். எழுந்து போவார், புத்தகத்தை எடுத்து வருவார், உரிய பக்கத்தைத் திறந்து கேட்டவரை நோக்கித் திருப்பி வைப்பார், விரலால் வரியைத் தொட்டுக் காட்டுவார். ஒரு வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேட்டாலும் புத்தகம் தேடப் போய்விடுவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். அதில் கொஞ்சம் மிகை உண்டு. ரொம்ப இல்லை.

"தெரிஞ்ச விஷயம்தானேக்கா, சொல்லி அனுப்பிட வேண்டியதுதானே?" என்று புத்தகம் கடன் கொடுக்கும் கவுண்டரிலிருந்து தம்பி கேட்பார். தம்பி என்றால் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பத்தெட்டு, முன்மண்டை முழுக்க வழுக்கை. அக்கா தம்பி என்று கூப்பிட்டதால் ஊருக்கே தம்பியாகிவிட்டவர்.

"நான் சொன்னா என்னை நம்பணும். பக்கத்தைக் காட்டிட்டா யாரையும் நம்ப வேண்டியதில்லை" என்பார் அக்கா.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. கொடுத்த பதில் தப்பு என்று பின்னால் தெரிந்தால், கேட்டவரைத் தேடிப் பிடித்துத் திருத்தாமல் விடமாட்டார். அதற்காகவே எல்லோரிடமும் போன் நம்பர் வாங்கி வைப்பார். ஒருமுறை குறுக்கெழுத்துப் பைத்தியம் ஒருவரைப் பஸ் நிறுத்தம்வரை துரத்திக்கொண்டு போய், "அந்த நதி நீளம் கிலோமீட்டர் இல்லைங்க, மைல்! நான் தலைப்பைச் சரியா பார்க்கலை!" என்று மூச்சிரைக்கச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையைத் தம்பி இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

அவருடைய கணவர் தையல்காரர். "சட்டைக்கு எத்தனை பட்டன்னு இவகிட்ட கேட்டுப் பாருங்க, அளவு நோட்டை எடுத்துட்டு வாங்கம்பா" என்று வாடிக்கையாளர்களிடம் குறைபட்டுக்கொள்வார். குறைபடுகிற அந்தக் குரலில் பெருமை வழியும். அது வாடிக்கையாளர்களுக்கும் தெரியும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நூலகத்துக்கு ஒரு படிவம் வந்தது. சேவைத் தர மதிப்பீடு. தலைமை நூலகர் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்துக் காட்டினார். அடுத்த ஒரு மாதத்தில் பத்து முறை, தலைமை அலுவலகம் அனுப்பும் ஆட்கள் சாதாரண வாசகர்போல வந்து ரெஃபரன்ஸ் மேசையில் கேள்வி கேட்பார்கள். யார், எப்போது என்று சொல்ல மாட்டார்கள். எவ்வளவு நேரம் காக்க வைத்தோம், பதில் சரியா, முகம் கொடுத்துப் பேசினோமா என்று பார்த்து ஒவ்வொரு முறைக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போடுவார்கள். நூற்றுக்கு எழுபது வந்தால் மேசை இருக்கும். வராவிட்டால் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தொடுதிரை இயந்திரம் ஒன்றை நிறுத்துவார்கள். அக்கா, திரும்பி வரும் புத்தகங்களைக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிப் போடும் கவுண்டருக்குப் போக வேண்டும்.

அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "ஸ்டூல்ல உட்கார்றது ஒண்ணும் கஷ்டமில்லை" என்றார் கணவரிடம். "ஆனா யாரும் என்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்களே. அதை நினைச்சாதான் பயமா இருக்கு." கணவர் ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து நூலகத்துக்குப் பைத்தியம் பிடித்தது. உள்ளே வருகிறவர்கள் எல்லோருமே மதிப்பீட்டு ஆட்களாகத் தெரிந்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்ட ஒரு பெரியவரைத் தலைமை நூலகரே கைத்தாங்கலாக அழைத்துப் போனார். கூட உள்ளே போகாததுதான் பாக்கி. கறுப்புக் கண்ணாடி போட்டு வந்த பெண்மணிக்குத் தம்பி ஓடிப்போய் நாற்காலி போட்டார். அந்த அம்மா கண் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார், அவ்வளவுதான்.

ரெஃபரன்ஸ் மேசையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்கக்கூடாது என்று உத்தரவு. அங்கே ஒரு தட்டு இருக்கும். கையேடுகளை அச்சிடுகிறவர்கள் அவ்வப்போது அனுப்பும் திருத்தச் சீட்டுகள் அதில் கிடக்கும். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து உரிய பக்கத்தில் ஒட்டுவார். தம்பி நல்லெண்ணத்தோடு அந்தத் தட்டைக் கவிழ்த்து, சீட்டுகளை அள்ளி அடி இழுப்பறையில் போட்டார். மேசை பளபளவென்று ஆனது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் வந்தார். மேசைக்கு நாலடி தள்ளியே நின்றார்.

"இங்க கேக்கலாங்களா?"

"கேக்கறதுக்குத்தானே மேசையே போட்டிருக்கு. வாங்க."

அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக வார்டு உதவியாளராக இருக்கிறாள். நர்ஸ் பயிற்சியில் சேர வேண்டும் என்று ஆசை. வயது முப்பத்தேழு. சேர்த்துக்கொள்வார்களா? அக்கா எழுந்து போய்ப் பயிற்சிக் கையேட்டை எடுத்து வந்தார். இருநூற்றுப் பதினான்காம் பக்கம். முப்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. அந்த மனிதர் வரிக்குக் கீழே கட்டைவிரலை ஊன்றி, இரண்டு முறை படித்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே வந்து கேட்டிருக்கணும். அவ சொல்லிட்டேதான் இருந்தா" என்றார். அந்த முகத்தைப் பார்க்க அக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. வழக்கம்போல நம்பரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை பசை தேடப்போய் அடி இழுப்பறையைத் திறந்தார். சீட்டுகள் குவியலாகக் கிடந்தன. மேலேயே கிடந்தது: பக்கம் 214, ஆஸ்பத்திரியில் பத்து வருஷம் வேலை பார்த்த பெண்களுக்கு வயது வரம்பு நாற்பது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி, பார்த்தால் இந்த வெள்ளிக்கிழமை மாலை.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் முதலில் சீட்டை ஒட்டினார். பிறகுதான் போனை எடுத்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொன்னது. மூன்று முறை போட்டுப் பார்த்தார், மூன்று முறையும் அதே பதில்.

விஷயம் கேட்ட தம்பி துள்ளிக் குதித்தார். "அக்கா, அந்த ஆளுதான்க்கா மதிப்பீட்டு ஆளு! பொய் நம்பர் குடுத்திருக்கான் பாருங்க. தங்கச்சி, பன்னிரண்டு வருஷம், எல்லாம் ஜோடனை. அவங்க கையில வச்சிருக்கற விடையும் இதே கையேட்டுலேர்ந்து எடுத்ததாத்தான் இருக்கும். முப்பத்தஞ்சுன்னு காட்டினீங்க இல்ல? பத்துக்குப் பத்து! நீங்க பாட்டுக்குப் போய்க் கிளறி வைக்காதீங்க."

தலைமை நூலகரும் அதையே சொன்னார். "இந்த மாசம் மேசையை விட்டு எங்கயும் நகராதீங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி சார். ஆனா அந்தத் தங்கச்சி நிஜமா இருந்தா?"

தலைமை நூலகர் தன் அறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் மூடுவதற்கு முன்னால் அக்கா மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஒட்டிய சீட்டுக்குச் சற்றுக் கீழே, அந்த மனிதர் விரல் ஊன்றிய இடத்தில், ஒரு பச்சைத் தடம் இருந்தது. பெயிண்ட். பென்சிலால் கோடு போட்டவரைக்கூட வருஷக்கணக்கில் மன்னிக்காதவர் பக்கம் அக்கா. அன்றைக்கு அந்தக் கறையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பச்சையை அவர் தினமும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளுக்கு ஒரு வாரமாக அதைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வேஷம் போடறவங்க விரல்ல பெயிண்டுகூடவா பூசிட்டு வருவாங்க?" என்று தம்பியிடம் கேட்டார்.

"பூசுவாங்க" என்றார் தம்பி. ஆனால் அவருடைய குரல் இறங்கியிருந்தது.

வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை விட்டதும், டப்பாவைத் திறக்காமலேயே கிளம்பினார். பாலம் இருபத்தைந்து நிமிஷ நடை. "ரெண்டு மணிக்குள்ள வந்துடுவேன் தம்பி, பார்த்துக்கோங்க." சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை. அக்காவின் முழங்கால் அப்படி.

பாலத்தில் பெயிண்டர்கள் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் அங்கே இல்லை. அக்கா விவரம் சொன்னதும், பாலத்தின் மறுகோடிக்குக் கைகாட்டினார்கள். அங்கே கம்பிக்கு வெளிப்பக்கம் கட்டிய சாரத்தில் நின்றுகொண்டு அவர் தூரிகை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பெயிண்டர் தம்பீ! தப்பா சொல்லிட்டேன்! முப்பத்தஞ்சு இல்லை, நாப்பது!"

ஆற்றுக்கு மேலே நின்று ஒரு அம்மாள் எண்களைக் கூவுவதை அவர் சற்று நேரம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் கம்பியைத் தாண்டி வந்தார். கை முழுக்கப் பெயிண்ட். அக்கா தான் எழுதிக்கொண்டு போன காகிதத்தை முகத்துக்கு எதிரே பிடித்து அவரையே உரக்கப் படிக்க வைத்தார். பக்க எண், திருத்தச் சீட்டு எண், விண்ணப்பிக்கும் இடம், நாளைச் சாயங்காலம்வரை நேரம். பிறகு மடித்து அவருடைய சட்டைப் பையில் செருகினார்.

"போன மாசம் நம்பர் மாத்தினேன்க்கா. வாய்ப் பழக்கத்துல பழைய நம்பரைச் சொல்லிட்டேன்போல" என்றார். பிறகு, "செவ்வாய்க்கிழமைலேர்ந்து அவ யார்கிட்டயும் பேசலைக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. அந்த இரண்டு நாள் மௌனம் தன் மேசையிலிருந்து போனதுதானே என்று அவருக்குத் தாங்கவில்லை.

அக்கா நூலகத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு இருபது. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு அம்மா வந்தாங்கக்கா. டாண்ணு ரெண்டு மணிக்கு. வந்துடுவாங்க, வந்துடுவாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். கடிகாரத்தையே பார்த்துட்டு நின்னாங்க. இப்பத்தான் போனாங்க."

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. ஒன்பது வருகைகளுக்கு அறுபத்தெட்டு. பத்தாவது வருகைக்குப் பூஜ்யம். பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘மேசையில் ஊழியர் இல்லை. பதினேழு நிமிடம் காத்திருந்து திரும்பினேன்.’ இரண்டே இரண்டு மதிப்பெண்ணில் மேசை போயிற்று.

தலைமை நூலகர் கெட்டவர் இல்லை. "காரணம் எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பிப் பார்க்கறேன்" என்றார். அக்கா ஒரே வரி எழுதினார்: ‘தவறான பதிலைத் திருத்தப் போயிருந்தேன்.’ தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஊழியர் இடத்தில் இல்லாததும், தவறான பதில் அளித்ததும் அவருடைய கடிதத்தாலேயே உறுதியாகிறது என்று எழுதியிருந்தார்கள். இப்படி எழுதுகிறவர்களை என்ன செய்வது? அக்கா அறிக்கையைக் கேட்டு வாங்கி, மதிப்பெண்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டிப் பார்த்தார்.

"கூட்டல் சரியாத்தான் இருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்தார். தலைமை நூலகரால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மேசையை நாலு பேர் தூக்கிப் போனார்கள். இயந்திரம் வந்தது. அக்கா ஸ்டூலுக்குப் போனார். இந்தக் கவுண்டரில் இருப்பவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லக்கூடாது, இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சுவரில் ஒரு சுற்றறிக்கை. அவரும் அப்படியே செய்தார். யாராவது இயந்திரத்தின் முன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் மட்டும் அவருடைய கை பரபரக்கும். வீட்டில் இப்போதெல்லாம் கணவர் வேண்டுமென்றே ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தார். சாயம் போகாத நூல் எது, வெல்வெட் எந்த நாட்டில் முதலில் நெய்தார்கள் என்று. அக்காவுக்கு அது புரிந்தது. மனசு நிறைந்துதான் போயிற்று, ஆனாலும் அது மேசை ஆகுமா?

நாலு மாதம் கழித்து, ஒரு காலை. கவுண்டரில் ஐந்தாறு பேர் புத்தகங்களோடு வரிசையில் நின்றார்கள். பயிற்சிச் சீருடை போட்ட ஒரு பெண் இயந்திரத்தைக் கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, நேராக அக்காவிடம் வந்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும்.

"பக்கம் அக்கா நீங்கதானே? அண்ணன் பாலத்துல பெயிண்ட் அடிச்சாங்களே..." என்று தொடங்கினார். பிறகு கையிலிருந்த நோட்டைப் பிரித்து, "நாளைக்குப் பரீட்சைக்கா. உடம்புல எலும்பு இருநூத்தாறுன்னு ஒருத்தி சொல்றா. குழந்தைக்கு அதைவிடக் கூடன்னு இன்னொருத்தி சொல்றா. எதுக்கா சரி?" என்றார்.

இரண்டுமே சரி என்று அக்காவுக்குத் தெரியும். எந்தப் புத்தகம், எந்த அலமாரி, ஏறக்குறைய எந்தப் பக்கம் என்பதும் தெரியும். சுவரில் இருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். தலைமை நூலகரின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழுந்தார். "வாம்மா, பக்கத்தைப் பார்த்துடுவோம்."

இரண்டு பேரும் அலமாரிகளை நோக்கி நடந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைமை நூலகர் அறையிலிருந்து வந்து, அந்தக் குட்டை ஸ்டூலில் முட்டி இடிக்க உட்கார்ந்து, முதலில் நின்றவரிடம் கையை நீட்டினார்.

"குடுங்க, நான் வாங்கிக்கறேன். அவங்களுக்கு வேலை இருக்கு."