தாய்மாமனுக்குத் தேதி கிடைக்கவில்லை

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவனுக்கு ஊரில் எந்த விசேஷம் நடக்கப் போகிறது என்று தெரியாது. எந்த விசேஷம் நின்று போனது என்பது மட்டும் எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சின்னக் கடை, ஒரு போன், ஒரு ஃபேக்ஸ், இவ்வளவுதான் என் கம்பெனி. நம் பக்கத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்து அமெரிக்கா போக ஆரம்பித்த காலம் அது. போகிற டிக்கெட்டில் தலைவலி இல்லை, வருகிற டிக்கெட்டில்தான். லீவு கிடைக்கவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று தேதி மாறினால் எப்படியோ சமாளித்துவிடுவேன். குடியுரிமை உறுதிமொழி என்று ஒன்று குறுக்கே வந்தால் மட்டும் என் பாடு திண்டாட்டம். பந்தல் போட்டுவிட்டு வெளிநாட்டு ஆளுக்காகக் காத்திருந்து அனுபவப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கையைத் தூக்கும் விழா

பசுவந்தனை சுப்பையா அண்ணாச்சிக்கு ஆடும் உண்டு, மானாவாரி நிலமும் உண்டு. மனைவி இல்லை. மகன் சங்கர் அமெரிக்காவில். மகள் செல்வியை விளாத்திகுளத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். செல்வியின் மகள் பவித்ராவுக்குக் குலதெய்வம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்த வேண்டும், ஆவணியில் நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும். செல்விக்குக் கூடப்பிறந்தவன் சங்கர் ஒருவன்தான். சங்கர் தானே டிக்கெட் எடுத்துக்கொள்கிறேன் என்றானாம். அண்ணாச்சி கேட்கவில்லை, அப்பன் எடுத்து அனுப்பினால்தான் பிள்ளைக்குக் கால் கிளம்பும் என்று என் கடைக்கு வந்துவிட்டார். இங்கே பணம் கட்டினால் அங்கே டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள், அந்த வசதி அப்போது இருந்தது.

டிக்கெட் போட்ட பத்து நாளில் சங்கர் எனக்குப் போன் பண்ணினான். அவனை உறுதிமொழிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், அதுவும் காதுகுத்து அன்றைக்கே. வேறு தேதி கேட்கலாம்தான், ஆனால் அது எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடியுரிமை வாங்கினால்தான் அப்பாவைத் தன்னோடு கூப்பிட்டு வைத்துக்கொள்ள முடியும் என்று அவன் சொன்னபோது எனக்கு அவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

உறுதிமொழி என்றால் என்ன என்று அண்ணாச்சி கேட்டார். ஒரு ஹாலில் எல்லாரும் எழுந்து நின்று, வலது கையைத் தூக்கி, இனிமேல் இந்த நாட்டுக்குத்தான் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும் என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கையத் தூக்குததுக்கு அவிய நாள் குறிச்சிட்டாவ, சரி. மடி குடுக்கதுக்கு நான் குறிச்ச நாளு கணக்கில்லையா?"

நேர்ந்துவிட்ட கிடா

காதுகுத்தைத் தை மாதத்துக்குத் தள்ளினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், சங்கர் பயணத்தை ரத்து செய்த பிறகு அங்கே விழாவையே தள்ளிப் போட்டுவிட்டார்கள். அவன் கையையும் தூக்கவில்லை, ஊருக்கும் வரவில்லை. தைக்கு நான் மறுபடி டிக்கெட் போட்டேன். மறுபடி கூப்பிட்டார்கள், பொங்கல் கழிந்த அதே வாரத்துக்கு. மறுபடி ரத்து. அந்தத் தடவையும் விழா நடக்கவில்லை. சென்னையில் எங்களுக்கு டிக்கெட் கொடுக்கிற ஆபீஸில், சங்கர் பெயரைச் சொன்னாலே போனை வேறு ஆளிடம் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

காதுகுத்துக்கு என்று சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்தது. சாமி கிடாயைக் கட்டிப் போடவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அது பாட்டுக்கு எந்தக் காட்டிலும் இறங்கி மேயும். மாமன் வருவது தள்ளிக்கொண்டே போனது, கிடா கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. ஒருநாள் அண்ணாச்சியின் பக்கத்துக் காட்டுக்காரர் கோவில்பட்டிக்குப் பருத்தி போட வந்தவர், நேராக என் கடைக்குள் நுழைந்து எதிரில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். எங்கே போக டிக்கெட் வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டேன்.

"எங்கயும் போகல அண்ணாச்சி. எம் பருத்தியத் திங்கது கிடா இல்ல, நீங்க போடுத டிக்கெட்டு, அதச் சொல்லிட்டுப் போவோம்னு வந்தேன்."

செல்வி வந்தாள்

பங்குனியில் செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சித்திரைக்கு மறுபடி நாள் குறித்திருந்தார்கள். பவித்ராவுக்கு நாலு வயது முடியப் போகிறது. சாமிக்கு இறக்க வேண்டிய முடி என்பதால் பிறந்ததிலிருந்து கத்தரி படவில்லை. சிக்கு விழுந்து, சீப்பை எடுத்தாலே பிள்ளை அழுகிறது. ஆனியில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மாமியார் வேறு, அண்ணன் வராவிட்டால் விடு, உன் சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்து, உங்கள் வீட்டில் ஆளா இல்லை என்று தினமும் பேசுகிறாள். சொல்லும்போது செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்குச் சங்கர் மேல் அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

என் போனிலேயே அவனிடம் பேசினாள். அவன் இந்தத் தடவை நல்ல சேதி சொன்னான். சித்திரையில் புதன்கிழமை உறுதிமொழி, வெள்ளிக்கிழமை விமானம், அடுத்த வாரம் காதுகுத்து. ஒன்றோடு ஒன்று முட்டவில்லை. மாமியார் வீட்டிலும் இதுதான் கடைசித் தேதி, இனிமேல் தள்ள மாட்டோம் என்று சொல்லியாயிற்று. செல்வி என் மேஜைமேல் பத்திரிகையை வைத்தாள், தாய்மாமன் என்று போட்டு அண்ணன் பெயர் அச்சாகியிருந்தது.

"நீங்க டிக்கெட்டப் போடுங்க அண்ணாச்சி. எங்கண்ணன் மடி இல்லாம எம் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன்."

புதன் முடிந்தது

வியாழக்கிழமை காலையில் கடையைத் திறந்ததும் போன். சங்கர். குரலே சரியில்லை. உறுதிமொழி எடுத்தாயிற்று. ஹாலுக்குள் போகும்போதே அங்கே குடியிருக்கக் கொடுத்திருந்த பழைய அட்டையை வாங்கிக்கொண்டார்களாம். கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன் என்று கூட நின்றவனிடம் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். எந்தப் பாஸ்போர்ட்டில் போவாய் என்று அவன் கேட்டிருக்கிறான். அதுவரை சங்கருக்கு அது தோன்றவே இல்லை, டிக்கெட் போட்ட எனக்கும்தான். இந்தியப் பாஸ்போர்ட் இனிச் செல்லாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் விண்ணப்பித்து வாங்க வேண்டும், வாங்கி அதில் இந்தியாவுக்கு விசா குத்த வேண்டும். எப்படி ஓடினாலும் காதுகுத்துக்கு வந்து சேராது.

நான் சென்னைக்குப் பேசினேன், அங்கே தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டேன், எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று சங்கர் அழுதான். போனில் சொல்கிற விஷயமா இது. பஸ் பிடித்துப் பசுவந்தனை போனேன். அண்ணாச்சி தாய்மாமன் சீருக்கு எடுத்த பட்டுப்பாவாடையை எனக்கு விரித்துக் காட்டினார். ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படவில்லை. பாவாடையை மடித்தார், மறுபடி பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பசுவந்தனைக்கு வாரதுக்கு எம் மவனுக்கு விசாவா?"

மாமன் வந்தார்

காதுகுத்து நடந்தது. சித்தப்பா மகன் மடியில் வைத்துத்தான் நடந்தது. கம்மல் ஏறும்போது பிள்ளை அலறியது, செல்வி கோயில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். நானும் போயிருந்தேன், சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன்.

சங்கர் ஆனிக் கடைசியில் வந்தான். புதுப் பாஸ்போர்ட், அதில் விசா, எல்லாம் சரியாக இருந்தது. திரும்பிப் போகிற டிக்கெட்டை உறுதி செய்ய என்னிடம் வந்தவன், விளாத்திகுளத்துக்குத் தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிப் போனான். செல்வி வாங்க என்றாள், காபி கொடுத்தாள், அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாங்கி வந்த தங்கத் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மாமா மடிக்கு வா என்று பிள்ளையைக் கூப்பிட்டான். பவித்ரா கிட்டே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மொட்டை போட்டாச்சு, காதும் குத்தியாச்சு. நீங்க எதுக்கு மாமா வந்திய?"

தேதி மாற்றிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்றாலும், நடந்து முடிந்த தேதியை மாற்றித் தருகிற விமானக் கம்பெனி எதையும் இதுவரை நான் பார்க்கவில்லை.