திரும்பி வராத சஹன்

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்த என் மகள் ஸமீஹா, பெருநாள் முடிந்தும் பெட்டியை அடுக்கவில்லை. மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம்.

"வாப்பா, எல்லாம் இங்கிலீஷ். ஒண்டும் விளங்குதில்ல. மத்தப் பிள்ளைகள் எல்லாம் தலையை ஆட்டுதுகள். நான் இனிப் போகமாட்டன்."

கல்முனையில் என்னைப் படித்த மனிசன் என்பார்கள். வீடு நிறையப் புத்தகம். அழுகிற பிள்ளைக்குச் சொல்ல அவற்றில் ஒரு வரி கிடைக்கவில்லை. துஆக் கேட்டேன். அதிலும் என் புத்தி விடவில்லை. நல்ல ஆசிரியர் ஒருவரை அனுப்பு, அல்லது விரிவுரையாளரைத் தமிழ் பேச வை என்று அல்லாஹ்வுக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விடுதி அறையைக் காலி செய்ய அவளைக் கூட்டிப்போனேன். புறப்படும்போது மனைவி தன் சீதனச் சஹனை, ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டை, என் தலையில் கட்டினாள். கூடவே ஒரு சட்டி புரியாணி.

"கூட இருந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு குடுத்துப்போட்டு வா, மகள். சும்மா வந்திட்டாளெண்டு ஆரும் கதைக்கப்படாது."

"என்ன காக்கா, கலியாண வீடா?" என்றார் பஸ் கண்டக்டர்.

"இல்ல தம்பி, பிரியாவிடை."

பெண்கள் விடுதிக்குள் எனக்கு இடமில்லை. மகள் சஹனையும் சட்டியையும் உள்ளே கொண்டுபோனாள்; நான் வாசல் மரத்தடியில் நின்றேன். சோறு முடிந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்தது. என் யோசனைகளும் தீர்ந்துபோயின. "யா அல்லாஹ், எனக்குத் தெரியாது. நீயே பார்த்துக்கொள்." நான் கேட்டதிலேயே சின்ன துஆ அதுதான்.

மகள் ஓடிவந்தாள். கையில் பெட்டி இல்லை. புரியாணி வாசம் மட்டும்.

"வாப்பா, எங்க ஆறு பேருக்குமே ஒண்டும் விளங்கல்லயாம்! என்னைப் பார்த்துத்தான் அவளுகளும் தலையை ஆட்டினாளுகளாம். நீங்க போங்க, பஸ் போயிரும்."

சஹனில் ஒரு மரியாதை உண்டு. கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழும்புவதில்லை. மெதுவாகச் சாப்பிடும் ஒருத்திக்காகக் காத்திருந்தபோதுதான் பேச்சு அவிழ்ந்திருக்கிறது. அதே மரியாதையைப் பாடத்துக்கும் வைத்துக்கொண்டார்கள். மாலையில் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் தனக்குப் பிடிபட்டதைச் சொல்லுவாள். கடைசிப் பிள்ளைக்கு விளங்கும்வரை ஒருத்தியும் அசையமாட்டாள். ஆறு பேரும் முதலாம் வருடப் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஊரிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளை முதலிலேயே வீட்டுக்கு அழைத்து ஒரே தட்டில் உட்கார வைக்கிறோம். புத்தி சொல்ல எனக்கு அனுமதியில்லை. தண்ணீர் வார்க்கலாம்.

உங்கள் பிள்ளையும் "போகமாட்டன்" என்றால் கலங்காதீர்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். எப்படித் தருவதென்பதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

மனைவிக்குத்தான் சஹன் இன்னும் திரும்பி வரவில்லை. போனில் மகளிடம் கேட்டாள்.

"பட்டம் எடுக்குமட்டும் ஆரும் எழும்ப ஏலா, உம்மா."