சித்தப்பாவின் சுட்டுவிரல்

எனக்கு ஆறு வயதாகும்வரை என் வலக்கைச் சுட்டுவிரல் எனக்குச் சொந்தமாக இருக்கவில்லை. இதைச் சொன்னால் என் கணவர் சிரிப்பார். அவருக்கு என் சித்தியைத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் புளியங்கூடல் வீடு எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. ஆகவே சிரிக்கட்டும்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மூன்று வயதாகும்போது விஜயதசமியன்று ஏடு தொடக்குவார்கள். தட்டில் பச்சையரிசியைப் பரப்பி, பெரியவர் ஒருவர் பிள்ளையை மடியில் இருத்தி, அதன் விரலைப் பிடித்து முதல் எழுத்தை எழுதுவிப்பார். பிடிப்பவரின் கையெழுத்து பிள்ளைக்கு வரும் என்றொரு நம்பிக்கை. அதனால் ஆளைத் தெரிவுசெய்வதற்கு மாப்பிள்ளை பார்க்கிற அளவுக்கு யோசனை நடக்கும். அப்பா அரசாங்கக் கந்தோரில் கோப்புகள் எழுதி எழுதியே கையெழுத்தைக் கெடுத்துக்கொண்டவர். ஐயர் எழுதுவது ஐயருக்கே விளங்காது. அப்பாவின் தம்பியான சித்தப்பாவின் எழுத்தோ அச்சடித்த மாதிரி இருக்கும். ஊரில் யார் வீட்டுக் கலியாணமென்றாலும் அழைப்பிதழில் பெயர் எழுதுவது அவர்தானாம். எனவே என்னைத் தூக்கிச் சித்தப்பாவின் மடியில் வைத்தார்கள்.

எழுத்தைப் பார்த்தவர்கள் விரலைப் பார்க்க மறந்துவிட்டார்கள். சிறுவயதில் சைக்கிள் சங்கிலிக்குள் அகப்பட்டு நரம்பு அறுந்ததால் சித்தப்பாவின் வலக்கைச் சுட்டுவிரல் மடங்காது. பேனையைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்துத்தான் எழுதுவார். சுட்டுவிரல் மட்டும் தூரத்தில் எதையோ காட்டுவதுபோல் விறைப்பாக நீண்டுகொண்டு நிற்கும். எனக்கு ஏடு தொடக்கியபோதும் தன் பழக்கத்தில் என் நடுவிரலைப் பிடித்துத்தான் அரிசியில் எழுதுவித்தாராம். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அப்போது யுத்தத்தால் நாங்கள் புளியங்கூடல் இருக்கும் தீவிலிருந்து இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஏடு தொடக்கிச் சில கிழமைகளில் ஒரு காலைப்பொழுது சித்தப்பா பாண் வாங்கச் சைக்கிளில் போனார். வெதுப்பகம் தெரு முடக்கில்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் படலையைத் தாண்டும்போது, போய்விட்டு வருகிறேன் என்ற பொருளில், 'போட்டு வாறன்' என்று சொல்லாமல் போகமாட்டார்கள். போகிறேன் என்று மட்டும் சொல்வது அபசகுனம். ஆனால் தெரு முடக்குவரை போகிறவர் அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாரா? ஒன்றும் சொல்லாமலே மிதித்துக்கொண்டு போனார். சைக்கிள் ஒரு மதிலில் சாத்தியபடி கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. அவரைத் தேடி அப்பாவும் சித்தியும் ஏறாத முகாம் படியில்லை. பிறகு தீவுக்குத் திரும்பலாம் என்று அனுமதி வந்தபோது, நாங்கள் எல்லோரும் சித்தியையும் கூட்டிக்கொண்டு புளியங்கூடலுக்கு வந்தோம்.

எனக்குச் சித்தப்பாவின் முகம் நினைவில்லை. சித்தியின் அலுமாரிக்குள் இருந்த கலியாணப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். படத்திலும் முகத்தைவிட விரலைத்தான் முதலில் காண்பேன். சித்தியின் கையைப் பிடித்திருக்கும் கையில் நான்கு விரல்கள் ஒழுங்காக மடிந்திருக்க, ஒன்று மட்டும் படத்துக்கு வெளியே யாரையோ காட்டும்.

முதலாம் வகுப்பில் சேர்ந்த கிழமை, விறாந்தையில் குந்தியிருந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். கிணற்றடியிலிருந்து வாளியோடு வந்த சித்தி என்னைக் கடந்து போனவர், திரும்பிப் பார்த்தார். அடுத்த கணம் வாளித் தண்ணீர் முழுவதும் என் கொப்பியில். நான் கத்திய கத்தலுக்கு அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார். சித்தி மன்னிப்பும் கேட்கவில்லை, கொப்பியைத் தூக்கவுமில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பென்சில் என் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருந்தது. சுட்டுவிரல் முற்றத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"கையெழுத்தைக் கேட்டம், விரல் வந்திட்டுது" என்று அம்மா வேடிக்கையாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

வேடிக்கை நெடுநாள் நிலைக்கவும் இல்லை. சுட்டுவிரல் செய்யவேண்டிய வேலையையும் நடுவிரலே செய்ததால் எனக்கு நாலு வரி எழுதுவதற்குள் கை உளைந்துவிடும். நடுவிரலின் பக்கத்தில் காய்ப்பு விழுந்து சிவந்தது. மற்றப் பிள்ளைகள் எழுதி முடித்து விளையாடப் போக, நான் பாதிப் பக்கத்தில் கையை உதறிக்கொண்டிருப்பேன். இரவில் சோறு பிசையவும் ஏலாமல் அழுவேன். கரம்பொனிலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். "அடிக்காதேங்கோ, விரலைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. கை தானாப் படிய வேணும்" என்றார். நீளப் பென்சிலை வெட்டிக் கட்டையாக்கினார். கடற்கரையில் பொறுக்கிய ஒரு சோழியை, எங்கள் பேச்சில் சோகியை, என் உள்ளங்கையில் வைத்து, சின்னவிரலையும் மோதிரவிரலையும் அதன்மேல் மடித்தார். அந்த இரண்டும் சோகியைக் காவல்காத்துக்கொண்டிருந்தால் மற்ற மூன்றும் தங்கள் வேலையைத் தாங்களே பழகிக்கொள்ளுமாம். பென்சில் நடுவிரலில் படுத்திருக்க, பெருவிரலும் சுட்டுவிரலும் மெல்லக் கிள்ளிப் பிடிக்கவேண்டும். கீரையில் பூச்சி கிள்ளுவதுபோல, அவ்வளவுதான்.

பின்னேரங்களில் அம்மா சோகியோடு என்னை இருத்துவார். சுட்டுவிரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கப் பழகியது. ஆனால் அடுத்தநாள் பின்னேரம் பார்த்தால் பழையபடி நிமிர்ந்து நிற்கும். சோகியும் காணாமல் போயிருக்கும். நான் தொலைத்துவிட்டதாக ஏச்சு விழும். மறுபடி ஒன்று பொறுக்கிவரவேண்டும். அம்மாவுக்கு இது விளங்கவேயில்லை. எனக்கு விளங்கியிருந்தது, ஆனால் என் வாய் நிறையப் பனங்கட்டி இருந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டதும் அம்மா தம்பியை அணைத்துக்கொண்டு கண்ணயர்ந்துவிடுவார். அப்பா வேலணைக் கந்தோரில். எங்கள் ஒழுங்கையில் அப்போது பாதி வீடுகளுக்குக் கூரையில்லை. அந்த நேரத்தில் நாய்கூடக் குரைக்காது. சோளகக் காற்றில் பனைகளின் காய்ந்த காவோலைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் மட்டும், யாரோ கால்களை இழுத்து இழுத்து நடப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போதுதான் சித்தி என்னைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். என் உள்ளங்கையை விரித்துச் சோகியை எடுத்து ஒரு தகரப் பேணிக்குள் போடுவார். நெற்றிப் பொட்டைக் கண்ணாடியில் பார்த்துச் சரிசெய்வார். பிறகு கட்டைப் பென்சிலை விட்டுவிட்டு ஒரு நீளப் பென்சிலைத் தருவார். சுட்டுவிரலைத் தன் இரண்டு விரல்களால் மெதுவாகத் தூக்கி நிறுத்துவார்.

"இஞ்சாருங்கோ" என்பார்.

அது மனைவி கணவனைக் கூப்பிடுகிற சொல். முதல்நாள் நான் யார் வந்ததென்று திரும்பி வாசலைப் பார்த்தேன். ஒருவருமில்லை. சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியளோ?" என்று கேட்டார். நான் சாப்பிட்டிருந்தேன், ஓம் என்றேன். வாயால் சொல்லவேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்த எழுத்துகளைச் சித்தி முன்பே பழக்கியிருந்ததால் 'ஓம்' என்று எழுதினேன். சித்தியின் முகத்தில் வந்த சந்தோஷத்தை அந்த வீட்டில் நான் அதற்குமுன் கண்டதில்லை. குளிருதோ? ஓம். உடுப்பு இருக்குதோ? ஓம். என்னை நினைக்கிறனீங்களோ? ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு துண்டு பனங்கட்டி. இந்த வியாபாரத்தை எந்தப் பிள்ளை வேண்டாமென்று சொல்லும்?

ஆனால் பயமும் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஒருநாள் அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை உளைந்து, சுட்டுவிரலை மடிக்கப் பார்த்தேன். அது மடங்கவில்லை. நான் மனதால் இழுக்கிறேன், அது நீண்டுகொண்டு நிற்கிறது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. இரத்தம் ஓடாமல் விறைத்திருக்கும் என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். அன்றைக்கு, எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் என் தோளுக்கு மேலால் கையை நீட்டி அந்த விரலுக்குள் தன் விரலை நுழைத்துக்கொண்டு நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. வெளியே காவோலை உரசிக்கொண்டிருந்தது.

"விரல் நிக்கிறவரைக்கும் அவர் இருக்கிறார், பிள்ளை" என்று சித்தி மெல்லச் சொன்னார். அதை என்னிடம்தான் சொன்னார். பிறகு விரலிடம் திரும்பி, அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "எங்கை இருக்கிறியள்?"

இதற்கு ஓம் என்று எழுதமுடியாது. எனக்குத் தெரிந்த சொற்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. படம், மடம், பட்டம் என்று அந்தக் கிழமை ரீச்சர் படிப்பித்திருந்தார். படம் என்று எழுதினால் சரிவராது என்று பட்டது. மடம் என்று எழுதினேன்.

அடுத்தநாள் விடிய, சித்தி அப்பாவிடம் போய் யாழ்ப்பாணத்தில் கோயில்களுக்குப் பக்கத்திலுள்ள மடங்களில் எல்லாம் தேடிப்பார்க்கச் சொன்னார். யார் சொன்னது என்று அப்பா கேட்டதற்குத் தெரிந்த ஒருவர் என்றார். அந்தக் காலத்தில் இப்படித்தான் தகவல்கள் வரும், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். அப்பா கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினார். சித்தி தலைமுழுகிப் புதுச்சேலை உடுத்தார். சித்தப்பாவின் சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டார். அவருக்குப் பிடித்த ஒடியல் கூழ் காய்ச்சினார். அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்த எனக்கும் சித்தப்பா வருகிறார் என்ற நம்பிக்கை வந்துவிட்டது. நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா?

அப்பா கடைசி பஸ்ஸில் தனியாக வந்தார். கதிரையில் இருந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு மடத்திலும் இல்லை என்றார். பிறகு, "ஆர் உம்மட்டைச் சொன்னது?" என்று களைத்துப்போன குரலில் கேட்டார்.

"அவர்தான் எழுதினவர்" என்றார் சித்தி. எழுதிய தாளையும் கொண்டுவந்து நீட்டினார்.

அம்மா தாளைப் பார்த்தார். கோணல் எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சித்தியின் அறைக்குள் போய்த் தகரப் பேணியைக் கவிழ்த்தார். தொலைந்துபோன சோகிகள் எல்லாம் சீமெந்தில் உருண்டன. அம்மா என் கையை இழுத்துக் காய்ப்பு வெடித்திருந்த நடுவிரலைச் சித்தியின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இது என்ர பிள்ளையின்ர கை. உம்மட மனிசன்ர கை இல்லை. எழுத ஏலாமல் பிள்ளை படிப்பை விடவேணுமோ? சொல்லும்!"

சித்தி என் விரலையே பார்த்தார், ஆனால் இந்தத் தடவை சுட்டுவிரலை அல்ல. காய்ப்பு வெடித்து நீர் கசிந்த நடுவிரலை. அப்போதுதான் அதை முதன்முதலாகக் காண்பவர் மாதிரிப் பார்த்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கூழ் அப்படியே ஆறிக் கிடந்தது.

அதன்பிறகு மத்தியானங்களில் சித்தி என்னைக் கூப்பிடவில்லை. பனங்கட்டி நின்றுபோன கவலைதான் எனக்கு. அம்மா பழக்கிப் பழக்கிப் பார்த்தார், ஆனால் விரல் பயந்த பிள்ளையைப்போல இன்னும் விறைத்தது.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு சித்தியே வந்து என் கையைப் பிடித்தார். அம்மா படுக்கப்போகாமல் குசினி வாசலில் நின்றிருந்தார். தடுப்பார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. சித்தி என்னைத் தன் மடியில் இருத்தி, நீளப் பென்சிலைத் தந்து, சுட்டுவிரலைப் பழையபடி நிறுத்தினார். அவருடைய நெஞ்சு என் முதுகில் இடித்துக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ" என்றார். "அண்டைக்குச் சொல்லாமல் போட்டியள். இண்டைக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

அந்தச் சொற்கள் எனக்கு எழுதத் தெரியாது. ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே எழுதிக் காட்ட, நான் கீழே பார்த்து எழுதினேன். போட்டு வாறன். கடைசி எழுத்தை எழுதும்வரை காவோலைச் சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. விரல் அன்றும் குளிர்ந்திருந்தது. சித்தி அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார்.

பிறகு நீளப் பென்சிலை வாங்கி வைத்துவிட்டுக் கட்டைப் பென்சிலைத் தந்தார். பேணியிலிருந்து ஒரு சோகியை எடுத்து உள்ளங்கையில் வைத்து, இரண்டு விரல்களையும் மடித்தார். கடைசியாகச் சுட்டுவிரலைத் தன் விரல்களுக்குள் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். அது சூடாகும்வரை தடவினார். பின் மெல்ல, மிக மெல்ல, அதை மடித்துப் பென்சிலின்மேல் இறக்கிவைத்தார். அம்மாவால் ஏலாதது அவரால் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. விரல் வைத்த இடத்திலேயே படிந்திருந்தது. ஒரு வரி எழுதினேன். இன்னொரு வரி. பக்கத்தின் அடிவரை போய்விட்டேன், கை உளையவில்லை! கொப்பியைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அம்மா கொப்பியை வாங்கினார், ஆனால் பார்க்கவில்லை. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி அங்கே முகம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது நெற்றியில் பொட்டு இல்லை. கழுவும்போது அழிந்துவிட்டது, மறந்துவிட்டார் என்று நினைத்தேன். என்னைப் பக்கம் முழுவதும் எழுதவைத்தவருக்கு நானும் ஏதாவது செய்யவேண்டாமா? ஓடிப்போய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, அப்போதுதான் மடங்கப் பழகிய அந்தச் சுட்டுவிரலையே குங்குமத்தில் தோய்த்து, எட்டி அவர் நெற்றியில் வைக்கப் போனேன். சித்தி விரலைப் பாதியில் பிடித்துவிட்டார். தன் சேலைத் தலைப்பால் குங்குமத்தை ஒரு துளியும் இல்லாமல் துடைத்தார். பிறகு பென்சில் பிடிப்பதற்குப் போல அதை அழகாக மடித்துவிட்டு, "இப்ப கை நோகுதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

இல்லை என்றேன், துள்ளிக்கொண்டு. சித்தியின் கண்கள் நிரம்பி வழிந்தன. எனக்கு எழுத்து வந்துவிட்ட சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து, நானும் அவரைக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.