நான் திருப்பிய இரண்டாவது டோக்கன்

கரையில் இறங்கும் பயணி, கப்பல் வாசலில் உள்ள பலகையில் தொங்கும் தன் டோக்கனைச் சிவப்புப் பக்கம் திருப்ப வேண்டும். கப்பலுக்குத் திரும்பியதும் பச்சைப் பக்கம். அவரவர் டோக்கனை அவரவரே திருப்ப வேண்டும். சென்ற கோடையில் நானும் மனைவியும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே தீவுகளைச் சுற்றிய சிறு கப்பலின் விதி இது. முதல் நாள் அதைக் குறிப்பெடுத்த ஒரே பயணி நான்தான். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வருகைப்பதிவைக் கவனித்தவன். வராத நண்பனுக்காக வருகை அட்டை போட்டவர்களைப் பிடித்து மெமோ கொடுத்தே ஓய்வு பெற்றவன்.

மூன்றாம் நாள், ஆளில்லாத ஒரு தீவு. வெயில், பத்து நிமிடத்தில் மழை, மறுபடி வெயில். வண்ண அலகுப் பறவைகளை விட்டு வர மனைவிக்கு மனமில்லை. அடுத்த ரப்பர் படகில் வருவதாகச் சொன்னாள். நான் முன்னால் வந்து என் டோக்கனைத் திருப்பினேன். அவள் வரும்போது பலகை முன்னால் நெரிசலாக இருக்குமே என்று அவளுடையதையும் திருப்பினேன்.

இரண்டு கோப்பை டீயுடன் காத்திருந்தேன். மூடுபனி இறங்கியது. கடைசிப் படகு வந்தது, அவள் இல்லை. பலகை முழுக்கப் பச்சை என்று கப்பலிலிருந்து தகவல் போனதால், கரையில் நின்ற மாலுமியும் அதிலேயே வந்துவிட்டார். நங்கூரச் சங்கிலி ஏறும் சத்தம் கேட்டது.

கோப்பைகளோடு ஓடினேன். கேப்டன் என் மகள் வயதுப் பெண். டோக்கனைத் திருப்பியது யார் என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். சங்கிலியை நிறுத்தச் சொல்லி, படகைத் திருப்பி அனுப்பினார். அலை உயர்ந்துகொண்டிருந்தது. படகு பனிக்குள் மறைந்ததும் எந்தத் தெய்வத்தை அழைப்பது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அரை மணி கழித்து ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை தெரிந்தது. மழைக்கு ஒரு கல்சுவரின் மறைவில் ஒதுங்கியிருந்தாளாம். சொட்டச் சொட்ட ஏறி வந்தவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, அடுத்தவனுக்கு அட்டை போட்டான்னு எத்தனை பேருக்கு மெமோ குடுத்தீங்க? இப்ப உங்களுக்கு யாரு குடுக்கறது?"

கேப்டனுக்கும் அதை ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

மெமோ வராததால், ஊர் திரும்பியதும் நானே இரண்டு பக்க விளக்கக் கடிதம் எழுதி, தக்க நடவடிக்கை கோரிக் கப்பல் நிறுவனத்துக்கு அனுப்பினேன். இரண்டு நினைவூட்டல்களும் போட்டேன். ஐப்பசி ஏழாம் தேதி கேப்டனிடமிருந்து பதில் வந்தது: இப்போதெல்லாம் கரையிலேயே தலை எண்ணுகிறோம், உங்கள் மனைவி நலமா? அன்றிலிருந்து, காய் வாங்கச் சந்தைக்குப் போனாலும், அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கிறேன்.